பாஸ்போர்ட் யார் கையில்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் வரும் சங்கதியைப் படித்துவிட்டு, இதற்குப் போயா ஒரு மனுஷன் இப்படி நடுங்கினான் என்று கேட்பீர்கள். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் பிறந்தும் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்காதவன் நான். இவன் கடலுக்கு லாயக்கில்லை என்று அப்பா என்னை டிப்ளமோ படிக்க அனுப்பினார். டிப்ளமோ என்னை அபுதாபிக்கு அனுப்பியது.

ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையான முசஃபாவில் இரும்புத் தகடுகளை வெட்டி வளைத்துத் தொட்டிகளும் குழாய்களும் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. மெஷின்களைப் பழுது பார்ப்பது என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். எல்லோருடையதையும்தான். ஆபீசில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ரப்பர் பேண்டு போட்டு அதற்குள் கிடக்கும். விசா, லேபர் கார்டு வேலைகளைப் பார்க்கிற பி.ஆர்.ஓ.விடம்தான் சாவி. லீவில் ஊருக்குப் போகும்போது ஏர்போர்ட் வாசலில் வைத்து அவர் பாஸ்போர்ட்டைக் கொடுப்பார். திரும்பி வரும்போது அதே வாசலில் நின்று வாங்கிக்கொள்வார். இடையில் எவனாவது பாஸ்போர்ட்டைக் கேட்டால், அவன் ஓடப்போகிறவன் என்று அர்த்தம். அதனால் யாரும் கேட்பதில்லை. அப்படி வாங்கி வைப்பது சட்டப்படி தப்பு என்று வெகுகாலம் கழித்து யாரோ சொன்னார்கள். சட்டம் நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப் வரை நடந்து வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் ஊரெல்லாம் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளியும் உற்சாகத்தில் ஜெர்மனியிலிருந்து தகடு வளைக்கும் புது மெஷின் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். மெஷின் வருவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அங்கே போய் ஒரு வாரம் டிரெய்னிங் எடுக்க வேண்டும். போகவேண்டிய இன்ஜினியர் திடீரென்று வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். மேனேஜர் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். நான் ஒரு மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கித்தான் நின்றேன். அப்படியும் என்னைத்தான் கைகாட்டினார்.

ரூமில் எல்லோரும் கைகொடுத்தார்கள். துக்கவீட்டுக்காரன் மாதிரி ஒவ்வொரு கையையும் தொட்டுத் தொட்டு விட்டேன்.

பி.ஆர்.ஓ. மலையாளி, வயதில் பெரியவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சூடுகண்ட பூனை. சில வருஷங்களுக்கு முன் இதேபோல் இத்தாலிக்கு டிரெய்னிங் போன ஒருவன் திரும்பி வரவில்லை. அந்தப் பழி இவர் தலையில் விழுந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு நாற்காலியில்கூட உட்காரச் சொல்லாமல் கேட்டார்.

"நீ போகும். திரும்பி வரும்னு எனிக்கு எப்படி அறியும்?"

என்னோடு துணைக்கு வந்திருந்த ரூம்மேட் முந்திக்கொண்டான். அவன் புதுக்கோட்டைக்காரன், வெல்டர். எனக்கு மேல்கட்டிலில் படுப்பவன்.

"நான் பொறுப்பு சேட்டா. இவன் வரலைன்னா எம் பாஸ்போர்ட்டக் குடுக்காதீங்க."

பி.ஆர்.ஓ. அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நினக்குக் கல்யாணம் அல்லே?"

"ஆமா சேட்டா. அதுக்குத்தானே லீவு."

"இவன் வந்தில்லெங்கில் பாஸ்போர்ட் இல்லா. கல்யாணமும் இல்லா." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ரூம்மேட்டும் சேர்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்கு இதுதான். நான் சனிக்கிழமை சாயங்காலம் அபுதாபியில் வந்து இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவனுக்குச் சென்னை விமானம். புதன்கிழமை காலை அவனுக்குக் கல்யாணம். பத்திரிகையை ரூம் அலமாரியில் செலோடேப் வைத்து ஒட்டியிருந்தான். பெண்ணை அவன் நேரில் பார்த்ததுகூட இல்லை, போட்டோவில்தான். அவளோடு போனில் பேசும்போது மட்டும் வெளியே போய்த் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்று பேசுவான்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்ல இப்படிச் சொன்ன? எனக்கு ஏதாச்சும் ஆயிட்டுன்னா?"

"உனக்கு என்ன ஆகும் மாப்ள? ரோட்டத் தாண்டவே அஞ்சு நிமிசம் யோசிக்கிற ஆளு. நீயா ஓடப்போற?"

குளிருக்கு ஜாக்கெட்டும் அவனேதான் ஏற்பாடு செய்தான். அவனுக்குத் தெரிந்த ஒருவர் மீனும் கோழியும் வைக்கிற ஐஸ் குடோனில் வேலை பார்த்தார். அவருடையதை இரவல் வாங்கி வந்தான். தடியான நீல ஜாக்கெட். முதுகில் ஒரு கோழி படம். எத்தனை முறை வெயிலில் காயப்போட்டும் மீன் வாடை போகவில்லை. ஆனால் உள்ளே ஜிப் வைத்த பை ஒன்று இருந்தது. "பாஸ்போர்ட்ட இதுல வையி. கைய எடுக்காத," என்றான்.

ஏர்போர்ட் வாசலில் பி.ஆர்.ஓ. பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். விமானத்தில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டேன். லீவுக்குப் போகும்போது இந்தப் பயம் இருந்ததில்லை. ஊரில் இறங்கினால் அம்மா வாங்கிப் பீரோவில் வைத்துவிடுவாள். இந்தத் தடவை வாங்கி வைக்க யாரும் இல்லை. இது தொலைந்தால் தொலைவது என் பிழைப்பு மட்டுமல்ல, இன்னொருத்தன் கல்யாணம். அந்த ஞாபகம் வந்ததும் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டேன்.

பிராங்பர்ட்டில் இமிகிரேஷன் கவுண்டரில் இருந்தவன் இளவட்டம். எதற்கு வந்தாய் என்று கேட்டான். டிரெய்னிங் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் கண்டிப்பாகத் திரும்பிப் போய்விடுவேன் சார்," என்று சேர்த்துக்கொண்டேன். அவன் நிமிர்ந்து என்னையும் ஜாக்கெட்டையும் பார்த்தான். பக்கம் பக்கமாகப் புரட்டினான். கடைசியில் முத்திரை குத்திப் பாஸ்போர்ட்டை நீட்டினான். அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது.

வெளியே மெஷின் கம்பெனியின் டிரெய்னர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைத் தாடி, நிலைக்கதவு உயரம். வந்ததும் வராததுமாக என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். பெரிய மனுஷர் ஒருவர் என் பெட்டியைச் சுமப்பது எனக்குத் தாங்கவில்லை. விடவும் பயம், பிடுங்கவும் பயம். பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையை நானும் பிடித்துக்கொண்டே நடந்தேன். காருக்குப் போகும்வரை இருவரும் பிணம் தூக்குவது போலப் போனோம்.

ஐரோப்பாவைப் பற்றி நான் என்னவெல்லாமோ நினைத்திருந்தேன். வெளிச்சமும் பூவும் கூட்டமுமாக இருக்கும் என்று. நான் பார்த்தது பனிமூட்டம். சாலையின் இரண்டு பக்கமும் ஓர் இலைகூட இல்லாத மரங்கள், எல்லாமே செத்துப்போனவை என்றுதான் நினைத்தேன். வானம் ஈயத் தகடு மாதிரித் தலைக்கு மேலேயே கிடந்தது. கார் பறந்தது. ஆனால் சத்தமே இல்லை. எந்த வண்டியும் ஹாரன் அடிக்கவில்லை. ஹாரன் அடிக்காத சாலையில் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று எப்படித் தெரியும்? சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன்.

தொழிற்சாலை இருந்தது ஒரு சின்ன ஊரில். செங்குத்தான கூரைகள், கழுவித் துடைத்த தெரு, ஜன்னல்தோறும் திரைச்சீலை. ஆள் மட்டும் இல்லை. முசஃபாவில் கண்ணைத் திறந்தால் மனிதர்கள். படுத்திருக்கும்போதுகூட மேலே ஒருவன், பக்கத்தில் இருவர். இங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது, தெருவில் ஒரு பிள்ளையின் அழுகைகூடக் கேட்கவில்லை. ஏதோ அபாயம் வருகிறதென்று ஊரே காலி செய்துவிட்டுப் போன மாதிரியும், எனக்கு மட்டும் யாரும் சொல்லாமல் விட்ட மாதிரியும் இருந்தது.

தங்குவதற்கு ஏற்பாடு செய்திருந்த இடம் ஹோட்டலுமல்ல, வீடுமல்ல. கீழே ஓர் அம்மா குடியிருந்துகொண்டு மாடியில் அறைகளை வாடகைக்கு விடுகிறாள். அந்த அம்மா டிரெய்னரிடம் ஏதோ சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி, "பாஸ்போர்ட்," என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஜிப்பைத் திறந்து, இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதை மேஜை மேல் வைத்தார். அந்த அம்மா நகல் எடுக்க உள்ளே கொண்டுபோனாள். சாவியை என்னிடம் தந்து, தூங்கு, காலையில் வருகிறேன் என்றார் டிரெய்னர். நான் மாடிப்படி ஏறிவிட்டேன். நின்று திரும்ப வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாஸ்போர்ட் என்றால் கொடுப்பது. வாங்குவது ஏர்போர்ட்டில். டிரெய்னர் பெரிய கம்பெனிக்காரர், நகல் எடுத்ததும் அவர் வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பார், போகும்போது தருவார். அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான்.

அறை பெரியது. வெள்ளை மெத்தை, அதன்மேல் பஞ்சு மூட்டை போல ஒரு போர்வை. ஜன்னலோரம் இழுப்பறை வைத்த மேஜை, அலமாரி, மேஜை மேல் ஒரு தண்ணீர் பாட்டில். ஹோட்டலில் எதைத் தொட்டாலும் பில் போட்டுவிடுவார்கள் என்று பி.ஆர்.ஓ. எச்சரித்திருந்தார். நான் எதையும் தொடவில்லை. சட்டைகளைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டேன். தாகத்துக்குக் குழாய்த் தண்ணீர். போர்வையைக் கலைத்தால் மறுபடி அப்படி மடிக்கத் தெரியாதே என்று ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு அதன் மேலேயே படுத்தேன். அலமாரியைத் திறக்கவில்லை. இழுப்பறையை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை.

டிரெய்னிங்கில் குறையில்லை. மெஷின் முன்னால் நின்றால் எனக்குப் பயம் தெரியாது. டிரெய்னர் பொறுமையாக, எனக்குப் புரிகிற இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தார். முதுகிலிருக்கும் கோழியைக் காட்டி அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேலை முடிந்து அந்தத் தெருவில் இறங்கியதும்தான் பயம் வந்து தோளில் கை போட்டுக்கொள்ளும்.

ஒருநாள் சாயங்காலம் ரொட்டி வாங்கப் போனவன் வழியைத் தவறவிட்டேன். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. ஒரே தெருவில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தபோது போலீஸ் கார் ஒன்று மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. முசஃபாவில் போலீஸைக் கண்டால் கை லேபர் கார்டுக்குப் போகும், அந்தப் பழக்கம். பையில் லேபர் கார்டு இருந்தது. அது இங்கே எதற்கு ஆகும்? பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. நான் யார் என்று சொல்வதற்கு அந்த நாட்டில் என் கையில் ஒரு காகிதமும் இல்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பிடித்துக்கொண்டு போவார்கள். விசாரிக்க நாளாகும். சனிக்கிழமை போய்விடும். புதுக்கோட்டையில் பந்தல் போட்டுவிட்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருப்பார்கள். இத்தனையும் அந்தக் கண்ணாடி இறங்குவதற்குள் நினைத்து முடித்துவிட்டேன். உள்ளே இருந்தது ஒரு போலீஸ்காரம்மா. வழி தெரியவில்லையா என்று கேட்டாள். அறைச் சாவியை எடுத்துக் காட்டினேன். அதில் தொங்கிய பெயரைப் பார்த்துவிட்டு, இடதுபக்கம் போ என்று கைகாட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். ரொட்டி வாங்காமலே அவள் காட்டிய பக்கம் ஓட்டமாக நடந்தேன்.

மறுநாள் டிரெய்னரிடம் பாஸ்போர்ட்டைக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் என்ன நினைப்பார்? ஓடப்போகிறான் என்று நினைப்பார். பி.ஆர்.ஓ.வுக்குப் போன் போட்டுச் சொன்னாலும் சொல்வார். வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பதிலாக அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர்க் கோயிலைப் போல மூன்று மடங்கு பெரிய மாதா கோயில், கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. பாட்டில்லை, பிள்ளைகள் ஓடவில்லை, முந்தானையால் விசிறிக்கொள்ளும் பெண்கள் இல்லை. நான் நடந்த சத்தம் எனக்கே திரும்பி வந்தது. முழங்காலிட்டு, "மாதாவே, என்னை எப்படியாவது சனிக்கிழமை கொண்டுபோய்ச் சேர்த்துவிடு," என்று கேட்டேன். சாமி இருக்கிற இடத்தில்கூடப் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை தெருமுனை பூத்திலிருந்து ரூமுக்குப் போன் போட்டேன். ரூம்மேட் படு குஷியில் இருந்தான். பிஸ்தா, கோடாலித் தைலம், கம்பளி எல்லாம் வாங்கி அட்டைப்பெட்டி கட்டியாயிற்றாம். முடி வெட்டியாயிற்றாம்.

"அங்கயே ஒரு வெள்ளக்காரியப் பாத்து செட்டில் ஆயிராத மாப்ள. எம் பொழப்பு உங்கிட்ட இருக்கு."

பின்னால் ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை காலை டிரெய்னர் காரில் என்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனார். நெடுந்தூரம். வழியெல்லாம் நான் அவருடைய கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். எந்தப் பையில் வைத்திருப்பார்? கொடுக்கவில்லையே என்ற கவலை எனக்கு இல்லை. பி.ஆர்.ஓ.வும் வாசலில் வைத்துத்தானே கொடுப்பார். கார் நின்றது. பெட்டியை இறக்கிக் கொடுத்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோளில் தட்டினார். நல்லபடியாகப் போய்ச் சேர் என்றார். பிறகு திரும்பிக் காரைப் பார்த்து நடந்தார்.

"சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் முன்னால் நின்றேன். "சார், பாஸ்போர்ட்."

"ஆமாம், உள்ளே கேட்பார்கள், காட்டு," என்றார்.

"என் பாஸ்போர்ட் உங்களிடம் அல்லவா இருக்கிறது?"

அவர் என்னைப் பார்த்தார். "என்னிடமா? உன் பாஸ்போர்ட் என்னிடம் எதற்கு இருக்க வேண்டும்?"

அங்கேயே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்தார், என்னை எழுப்பிப் பெட்டியைத் திறந்து பார்த்தார், காரின் சீட்டுக்கு அடியில் பார்த்தார். அந்த அம்மாவின் வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை, சந்தைக்குப் போயிருப்பாள் என்றார். மறுபடி போட்டார். மறுபடி. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அபுதாபி விமானத்துக்கு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. வரிசை தேய்ந்து ஆளில்லாமல் போவதையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா போனை எடுத்தாள். அவர் ஜெர்மனில் பேசினார், நெற்றியைத் தேய்த்தார், சிரித்தார். என்னிடம் சொன்னார். முதல்நாள் நகல் எடுத்து வெளியே வந்து பார்த்தால் எங்கள் இருவரையும் காணோமாம். மறுநாள் அறையைச் சுத்தம் செய்யப் போனபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று ஜன்னலோர மேஜையின் இழுப்பறையில் வைத்தாளாம். இந்நேரம் நான் எடுத்திருப்பேன் என்று நினைத்தாளாம்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "என்னிடம் இருக்கிறது என்று ஏன் நினைத்தாய்?" என்று கேட்டார். எங்கள் இடத்தில் கம்பெனிதான் வைத்திருக்கும் என்றேன். எப்போதும் அப்படித்தானா என்றார். எப்போதும் என்றேன். காரை வந்த வழியே திருப்பினார். பிறகு, என்னிடம் சொன்னாரோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரோ, "அது உன்னுடையது. யாரிடமும் கொடுக்காதே," என்றார்.

இழுப்பறையை இழுத்தேன். கறுப்பு அட்டை போட்ட பைபிள் ஒன்று இருந்தது. அதன் மேல் என் பாஸ்போர்ட். ஒரு வாரம் நான் தலைவைத்துப் படுத்த இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும்.

டிரெய்னர் விமானக் கம்பெனியோடு போராடி மறுநாள் காலை விமானத்தில் இடம் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அபுதாபியில் இறங்கிவிடலாம். ரூம்மேட்டின் விமானம் அன்று ராத்திரி. எதுவும் தாமதமாகாவிட்டால் தப்பித்தோம். அவருடைய போனிலிருந்தே பி.ஆர்.ஓ.வைக் கூப்பிட்டேன். விமானத்தை விட்டுவிட்டேன் என்றதுமே, "எனிக்கு அறியும். எனிக்கு அன்னே அறியும்," என்று வைத்துவிட்டார்.

பிறகு ரூம்மேட்டுக்குப் போட்டேன்.

"மாப்ள, பாஸ்போர்ட்டு என்கிட்ட இல்லன்னு நெனச்சேன். ரூம்லயே டிராயருக்குள்ள இருந்திருக்கு. நான் டிராயரத் திறக்கவே இல்ல."

சொல்லச் சொல்லவே அது எவ்வளவு பெரிய பொய்யாகத் தெரிகிறது என்று எனக்குப் புரிந்தது. இதை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ரூமில் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது.

"நீ வர்றியா மாப்ள?" என்றான்.

"வாரேன்ல. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன்."

"சரி."

அவ்வளவுதான். அவன் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. என் கூடவே உண்டு, உறங்கி, என் பயத்தையெல்லாம் பார்த்துச் சிரித்தவன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான். எனக்கு அழுகை வந்தது. டிரெய்னர் முன்னால் அழுதேன்.

அபுதாபியில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. எந்த ஊர்க் காற்றும் எனக்கு அவ்வளவு இதமாக இருந்ததில்லை. இமிகிரேஷன் முடித்து வெளியே வந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் பி.ஆர்.ஓ. நின்றார். அவருக்குப் பக்கத்தில் ரூம்மேட். புதுச் சட்டை, புதுச் சவரம், காலடியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. நான் வருகிறேனா என்று தெரியாமலே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தான்.

பி.ஆர்.ஓ. கையை நீட்டினார். இன்னொரு கையில் ரூம்மேட்டின் பாஸ்போர்ட் இருந்தது.

ஜிப்பைத் திறந்து எடுத்தேன். எடுத்த கை சற்றே நின்றது. வெள்ளைத்தாடிக்காரர் சொன்னது காதில் கேட்டது. அது உன்னுடையது. யாரிடமும் கொடுக்காதே. என் கை நின்றதை ரூம்மேட் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் அப்போது வந்ததை எப்படிச் சொல்வது? ஜெர்மனியில் ஒரு வாரம் நான் பட்டது மொத்தமும் அவன் முகத்தில் வந்து போனது.

கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் மற்றக் கையை அவன் பக்கம் நீட்டினார். அவன் பிடுங்காத குறையாக வாங்கினான்.

"நீ வந்துருவன்னு எனக்குத் தெரியும் மாப்ள," என்று சிரித்தான். என் கையைப் பிடித்த அவன் கை சில்லிட்டு, வேர்வையில் நனைந்திருந்தது. "எனக்குத் தெரியும்," என்றான் மறுபடியும். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். புதன்கிழமை அவன் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

பி.ஆர்.ஓ. வண்டியில் ஏறச் சொன்னார். முசஃபா சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பழக்கத்தில் என் கை ஜாக்கெட்டின் உள்பைக்குப் போனது. காலி. ஒரு வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஜெர்மனியில் பயந்ததையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.